மடிப்பாக்கம் வீடும் ஜன்னல் மூலை விரிசலும்

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். கொளுத்தும் வெயிலில் சென்னை மடிப்பாக்கம் வீட்டை மறுபடி போய்ப் பார்த்தோம். அரை கிரவுண்டில் தனி வீடு, எங்கள் பட்ஜெட்டுக்குள். வில்லங்கம் சுத்தம், பட்டாவும் சரி, டோக்கன் அட்வான்சும் கொடுத்தாயிற்று. ஆனால் ஹால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், புதுப் பெயின்ட்டையும் மீறித் தெரிகிறது. "பூச்சு வெடிப்பு சார், வெயிலுக்கு எல்லா வீட்லயும் வரும்" என்றார் புரோக்கர். பக்கத்து வீட்டை ஒட்டிய சந்துக்குள் நுழைந்து பார்த்தேன். அங்கே சுவரைப் பூசாமல் விட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அதே விரிசல், செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது.

மே 11, ஞாயிறு

மச்சான் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து வந்தான். அவர் விரிசலை விட்டுவிட்டு, முதலில் படுக்கையறைக் கதவைத் திறந்து மூடினார். மேல் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் இழைத்திருக்கிறது. அங்கே வார்னிஷ் இல்லாத வெறும் மரம். நிலைச்சட்டம் சாய்ந்து கதவு பிடித்திருக்க வேண்டும். விரிசலும் கீழே நூலளவு, மேலே போகப் போக அகலம். அந்த மூலை இறங்கியிருக்கலாம் என்றார். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பக்கம் பல இடங்களில் களிமண்; மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் வேறு சரியாக அங்கேதான் விழுகிறது.

நின்றுபோன விரிசலா, இன்னும் நகர்கிறதா? குறுக்கே கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டினால், நகரும்போது உடைந்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் பார்க்க வேண்டுமாம். ஓனர் கண்ணாடிக்கே சம்மதிக்கவில்லை. இருபுறமும் பென்சில் கோடு போட்டு, தேதி எழுதிவிட்டு வந்தோம்.

ஜூன் 8, ஞாயிறு

கோடுகள் போட்டபடியே இருக்கின்றன. மழை வராமல் அதை நம்பி என்ன பயன்? ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிக்கணும் என்று புரோக்கர் நச்சரிக்கிறார். அப்புறம் எதிர்வீட்டு அம்மா பேச்சுவாக்கில் சொன்னது: 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி உயர்த்தினார்களாம்! புரோக்கர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஜூன் 10

இன்ஜினியரிடம் சொன்னேன். தூக்கியது தப்பில்லையாம். சீராகத் தூக்காவிட்டால் அப்போதே விரிசல் விழும், அதோடு நின்றும் போகலாம். தூக்கிய இடைவெளியில் புதிதாகக் கட்டிய அடிச்சுவரின் எடை பழைய அஸ்திவாரத்தின் தலையில் ஏறியிருந்தால் கதை வேறு, இன்னும் இறங்கலாம். தூக்கிய வேலைக்கான காகிதம் வேண்டும், மூலையில் குழி தோண்டியும் பார்க்க வேண்டும். ஓனர் இரண்டுக்கும் முடியாது என்கிறார். விலையில் மட்டும் 3 லட்சம் குறைக்கிறாராம். நாங்கள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அம்மாவுக்குத்தான் வருத்தம், துளசி மாடத்துக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். டோக்கனில் பாதி வந்துவிட்டது. மீதி, வேறு ஆள் அமைந்ததும் ஓனர் தருவாராம்.