12 டிகிரி நீரில் 800 மீட்டர்

வலிதணிப்புச் சிகிச்சை அளிக்கும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக, 12 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் ஏரியில் ஒரு கிலோமீட்டர் நீந்துவதாக அறிவித்தபோது, 25 மீட்டர் நீச்சல்குளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாற்பது முறை நீந்திய அனுபவம் மட்டுமே என்னிடம் இருந்தது. தூரக் கணக்கு சரிதான். குளிரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பயிற்சியின் முதல் நாளில் தோள்வரை அமிழ்ந்ததும், என்னைக் கேட்காமலேயே வாய் திறந்து பெரிய மூச்சு ஒன்றை உள்ளிழுத்தது. அதன்பின் மூச்சு இறைத்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. தோல் திடீரெனக் குளிரும்போது உடல் தானாகக் காட்டும் எதிர்வினை அது. அந்த முதல் மூச்சின்போது முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால்தான், குளிர்நீரில் குதிக்கக் கூடாது, மெதுவாக இறங்கி மூச்சு அடங்கும்வரை மிதந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் அது தணிந்துவிடுகிறது. சில நாட்கள் விட்டுவிட்டு ஐந்தாறு முறை இறங்கினால் அதிர்ச்சியே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. என் 12 டிகிரியைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அமெரிக்க நீச்சல் வீராங்கனை லின் காக்ஸ் 1987இல், அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே உள்ள பெரிங் நீரிணையில், அமெரிக்கத் தீவிலிருந்து சோவியத் தீவுக்குச் சாதாரண நீச்சலுடையில் நீந்திக் கடந்தார். 5 டிகிரிக்கு மேற்படாத நீரில் ஒரு மைல் நீந்துவதையே ஒரு சவாலாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது கரைதான். நான்காம் முறை நன்றாக நீந்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தவன், பத்து நிமிடம் கழித்து மேலங்கியின் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் நின்றேன்; கையிலிருந்த கோப்பை ஆடி, பாதித் தேநீர் காலில் கொட்டியது, அதன் சூடுகூட உடனே தெரியவில்லை. நீரை விட்டு வெளியேறிய பின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஈர உடையைக் களைந்து, துவட்டி, தலைக்குத் தொப்பியோடு உலர்ந்த உடைகளை அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வதே முதல் வேலை. உடனே வெந்நீரில் குளிக்கப் போனால் தோலின் இரத்த நாளங்கள் விரிந்து, இரத்த அழுத்தம் விழுந்து, மயக்கம் வரக்கூடும்.

நிதி கேட்பதில் நான் செய்த தவறு வேறு. நூறு மீட்டருக்கு இவ்வளவு என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். குளிர் ஏற ஏறக் கைகால் மட்டுமல்லாமல் தீர்மானிக்கும் திறனும் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு தொகை காத்திருக்கிறது என்ற நினைப்பு, திரும்ப வேண்டியவனைத் திரும்ப விடாது. எனவே, நான் எங்கே நிறுத்தினாலும் தொகை மாறாது என்று ஒப்புக்கொள்பவர்கள் மட்டும் கொடுத்தால் போதும் என்று இரண்டாம் கடிதம் எழுதினேன். "நீந்தாவிட்டாலும் கொடுக்கத்தானே போகிறேன், எதற்கு இந்த வம்பு?" என்று கேட்டார் சித்தப்பா. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. வெறுமனே கேட்டிருந்தால், அவரைத் தவிர வேறு யாரும் கடிதத்தை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பதே உண்மை.

நீச்சல் நாளன்று இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவையோடு, பக்கத்தில் ஒரு கயாக் படகு துணைவர, முதல் 600 மீட்டரைச் சிரமமின்றிக் கடந்தேன். அதற்குப் பின் இடக்கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேர மறுத்தது. நான் மடக்க நினைத்தேன். அது தனியாக விலகி நின்றது. சற்று நேரத்தில் கை முழுவதும் விரிந்து, தண்ணீரைத் தள்ளாமல் அதனூடே வழுக்கிப் போயிற்று. 800 மீட்டர் மிதவைக்கு அருகே, படகில் இருந்தவர் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். பதினேழுக்குப் பிறகு என்ன என்று யோசித்தபடியே நான் கையை உயர்த்தினேன்.

மறுவாரம் அறக்கட்டளைக்குப் போன பட்டியலில் ஒருவரும் தொகையைக் குறைத்திருக்கவில்லை. சித்தப்பா மட்டும், சொன்னதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக அனுப்பி, குறிப்பு எழுதும் இடத்தில் "கரையேறியதற்கு" என்று எழுதியிருந்தார்.