மெத்தை, மரச்சீனி, சுவர்ண சகோரம்: திருவனந்தபுரத்தில் ஆறு நாள்

திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு உதவும்படி எங்கே தங்கலாம், எப்படிப் பதிவு செய்யலாம், எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் அந்தப் பஸ்ஸைப் பற்றி முதலில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2024 டிசம்பர் 13 வெள்ளிக்கிழமை விழா தொடக்கம். அன்றைக்குத் திருநெல்வேலியில் வீட்டைவிட்டு இறங்க முடியவில்லை. முந்தின நாள் பிடித்த மழை, மலைமேல் ஊத்து எஸ்டேட்டில் 50 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியிருந்தது. தாமிரபரணி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓட, குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றி வெறும் செந்தண்ணீர். விழா பாஸுக்குக் கட்டிய 1,180 ரூபாயும் ஆற்றோடு போச்சு என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை காலை மழை விட்டதும் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாகர்கோவில் வண்டியைப் பிடித்துவிட்டேன்.

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறிய வண்டிதான் வண்டி. எந்த மாநிலத்து வண்டி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் எல்லைப் பிரச்சினை ஆகிவிடும். ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. தக்கலை தாண்டியதும் மறுபடி மழை. பக்கத்து சீட்டுக்காரர் பழகிய கையோடு ஒரு உரச்சாக்கை எடுத்துச் சந்தில் சொருகினார். அவர் மார்த்தாண்டத்தில் இறங்கும்போது சாக்கையும் உருவிக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு ஊரும் என் இடது தோளில்தான் வந்து விழுந்தது. கண்டக்டரிடம் சொன்னால், "அண்ணாச்சி, அந்த சீட்டுல யாரும் உக்கார மாட்டாங்களே" என்கிறார். எழுபது கிலோமீட்டர்கூட வராத தூரம். மூன்றே கால் மணி நேரம்.

தம்பானூரில் லாட்ஜ். போனில் 600 என்றவர் நேரில் 750 என்றார். "ஃபெஸ்டிவல் சமயம் அல்லே?" இன்னும் ஈரச் சட்டையோடு நிற்கிறவன் என்ன பேரம் பேசுவான்? ஐந்து ராத்திரிக்கு 750 ரூபாய் கூடுதல். அதோடு 200 ரூபாய் அட்வான்ஸ், அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தருவதாகப் பேச்சு.

அப்புறம் ஆட்டோ. டெலிகேட் பாஸ் வாங்க வழுதக்காடு டாகூர் தியேட்டருக்குப் போக வேண்டும், மூன்று கிலோமீட்டர் இருக்கும். கேரளத்தில் மீட்டர் போடுவார்கள், நம்மூர் மாதிரி வாய்க்கு வந்ததைக் கேட்க மாட்டார்கள் என்று இத்தனை வருடமாக எல்லோரிடமும் பெருமை பேசி வந்தவன் நான். குறைந்தபட்சக் கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், மிஞ்சினால் 55 வரும். அவர் கேட்டது 120. மீட்டர் என்றதும், "ரிட்டேர்ன் ஓட்டம் கிட்டில்ல சேட்டா" என்றார். டாகூர் வாசலில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், ரிட்டர்ன் கிடைக்காதாம். கொடுத்துத் தொலைத்தேன். அடுத்த நாளிலிருந்து நடைதான். கைரளி, நிளா, ஸ்ரீ மூன்று தியேட்டரும் ஒரே வளாகம், தம்பானூரிலேயே இருக்கிறது. நியூ தியேட்டரும் பக்கம். அங்கிருந்து டாகூருக்கும் கலாபவன் தியேட்டருக்கும் வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நல்ல செருப்பு முக்கியம். எழுத நினைத்த உருப்படியான குறிப்புகளில் இது ஒன்று.

முதல் இரண்டு நாளை நான் முட்டாள்தனமாகத்தான் கழித்தேன். ஒரு படத்துக்கு முந்தின நாள் காலை 8 மணிக்கு ஆன்லைனில் அதற்கு முன்பதிவு திறக்கும். 8 அடித்ததும் இங்குள்ள பிள்ளைகள் பெருவிரலால் இரண்டு தட்டில் நான்கு படத்துக்கு இடம் பிடித்துவிடுகிறார்கள். என்னுடைய போன் ஐந்து வயதுக் கிழம். அது யோசித்து முடிப்பதற்குள் கான் விழாவில் பேசப்பட்ட படங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. சரி, முன்பதிவு இல்லாதவர்களுக்கான வரிசையில் நிற்போம் என்று ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர் இருக்கும்போது கதவைச் சாத்தினார்கள். அடுத்த படத்துக்கும் அதே கதை. அதில் முன்னால் இருந்தவர்கள் மூன்றே பேர்.

ஆனால் அந்த வரிசை இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரோட்டா பொட்டலத்தைப் பிரித்தபடி ஈரான் சென்சாரைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். இருபது வருடமாக ஒரு விழாவையும் விட்டதில்லையாம், பழைய பாஸ்களை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாராம். 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய விழா இது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு முறை நான் ஏமாந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "காம்பெடிஷன் கண்டோ?" என்றார், போட்டிப் பிரிவுப் படங்களைப் பார்த்தீர்களா என்று. இல்லை என்றேன். "பின்னெ எந்தினா வந்நது?" அப்புறம் எதற்கு வந்தீர்கள் என்கிறார்.

அந்தக் கேள்வியோடுதான் என் விழா தொடங்கியது.

போட்டிப் பிரிவில் மொத்தம் 14 படங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து மட்டும்தான் எடுப்பார்கள். எவ்வளவு பெரிய ஐரோப்பியப் படமானாலும் இங்கே போட்டிக்குள் நுழைய முடியாது, உலக சினிமா என்று தனிப் பிரிவில் ஓடிவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஐரோப்பாவில் ஏற்கெனவே கைதட்டல் வாங்கிய படம் நாலு மாதத்தில் என் போனுக்கே வந்துவிடும். பொலிவியாவிலிருந்தோ ஈரானிலிருந்தோ புதிதாக ஒருவர் எடுத்த படம் வராது. அதற்காகத்தானே பாஸ், பஸ், லாட்ஜ் எல்லாம்? நான் என்னவோ வருகிற படத்துக்கு வரிசையில் நின்று, வராத படங்களை விட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பரிசின் பெயர் சுவர்ண சகோரம். இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து 20 லட்சம் ரூபாய். சகோரம் என்றால் நமக்கு நிலவைக் குடித்து வாழும் காவியப் பறவை. ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் பெயரைப் பார்த்தால் அது செம்போத்து! எங்கள் தோட்டத்து வேலியில் ஊப் ஊப் என்று கத்திக்கொண்டு ஓணான் பிடித்துத் தின்கிற அதே செம்போத்து. நிலவைக் குடிக்கிறதைவிட ஓணான் தின்கிறதுதான் சினிமாக்காரர்களுக்குப் பொருத்தம் என்று தோன்றியது.

பரிசு கொடுக்கிற ஜூரி, அதாவது நடுவர் குழு, ஒன்றல்ல, பல. பெரிய ஜூரிக்கு அந்த வருடம் தலைவர் ஆக்னஸ் கொதார், பிரான்ஸின் பேர்பெற்ற ஒளிப்பதிவாளர். அது தவிர உலக விமர்சகர் கூட்டமைப்பான ஃபிப்ரெசியின் ஜூரி தனி, ஆசிய சினிமாவுக்கான நெட்பாக்கின் ஜூரி தனி. இதற்கெல்லாம் மேலே நாம். பாஸ் வைத்திருக்கிற யாரும் போட்டிப் படங்களுக்கு ஓட்டுப் போடலாம், அதிக ஓட்டு வாங்கும் படத்துக்குப் பார்வையாளர் விருது. 2022 மார்ச்சில் நடந்த விழாவில் நம் வினோத்ராஜின் 'கூழாங்கல்' இந்த ஓட்டில்தான் ஜெயித்தது. அதற்கு முந்தைய வருடம் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம் அது. மலையாளிகள் ஓட்டுப் போட்டு ஒரு தமிழ்ப் படத்தை ஜெயிக்க வைத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

திங்கள்கிழமையிலிருந்து போட்டிப் படங்களாகவே பார்த்தேன். எட்டு. அதில் இரண்டு படுமோசம், ஒன்றில் தூங்கிவிட்டேன் (படத்தின் தப்பல்ல, பகல் சாப்பாட்டின் தப்பு, அதற்கு வருகிறேன்). இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிரேசில் படம் 'மாலு', இயக்கம் பெட்ரோ ஃப்ரெய்ரே. ரியோவில் ஒரு வீடு, அதில் மூன்று தலைமுறைப் பெண்கள். நடுவில் இருக்கிற மாலு ஒரு காலத்து மேடை நடிகை, இப்போது வேலை இல்லை, பழம்பெருமை மட்டும் நிறைய. அம்மாவோடு சண்டை, மகளோடு சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. முதல் அரை மணி நேரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் திடீரென்று எங்கள் வீட்டு ஆச்சியும் அம்மாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். போர்ச்சுகீஸ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாமலே அடுத்த வசை எங்கே போய் விழும் என்று தெரிந்துவிட்டது. இயக்குநர் தன் தாயை வைத்து எழுதிய கதை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று மலையாளப் படம், ஃபாசில் முஹம்மதின் 'ஃபெமினிச்சி ஃபாத்திமா'. பொன்னானியில் ஒரு வீட்டுப் பெண். மகன் மெத்தையை நனைத்துவிடுகிறான். அவளுக்கு ஒரு புது மெத்தை வேண்டும். அவ்வளவுதான் கதை. கணவர் உஸ்தாது, அதாவது மார்க்கம் சொல்லித் தருகிறவர், வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான். மின்விசிறியைப் போடக்கூட ஃபாத்திமா வர வேண்டும். பெண்ணியம் என்று ஒரு பிரசங்கம் கிடையாது. தியேட்டரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எனக்கு இந்தப் பக்கம் இருந்த அம்மா சிரித்து முடித்துவிட்டு, தனக்குத்தானே "எந்தொரு ஜீவிதம்" என்றார், என்ன வாழ்க்கை இது என்று. அதற்கப்புறம் அவர் சிரிக்கவே இல்லை.

பகல் சாப்பாடு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது, செங்கல்லில் சுருள் சுருளாக மேலே ஏறும் கட்டடம். சரிவுப் பாதையிலேயே சுவரோடு மேசைகள். விசிறித் தலைப்பாகைக்காரர் கொண்டுவந்து வைக்கிற மசால் தோசைக்குள் பீட்ரூட். எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள், கட்டடத்தை நானும் புகழ்கிறேன். தோசைக்குள் பீட்ரூட் வேண்டாம். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

என் ஓட்டு அதற்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்த பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு. நாம் மரச்சீனி என்கிறதை அங்கே கப்ப என்கிறார்கள். அவித்து, தேங்காயும் பச்சை மிளகாயும் காந்தாரி மிளகாயும் தட்டிப் போட்டு, மத்தால் ஒரு குத்துக் குத்தி, வாழையிலையில் ஒரு மேடு. மேலே அயிலைக் குழம்பு. குடம்புளி போட்டு முந்தின நாளே வைத்த குழம்பு, எண்ணெய் பிரிந்து செக்கச் செவேலென்று மரச்சீனிக்குள் இறங்குகிறது. மண்சட்டியில் ஒட்டியிருந்ததை அந்த அக்கா கரண்டியால் சுரண்டி, கேட்காமலேயே என் இலையில் போட்டார். 90 ரூபாய். மூன்று நாள் தொடர்ந்து போனேன். ஒரு கொரியப் படத்தை அந்தக் குழம்புக்குப் பலி கொடுத்தேன், வருத்தமில்லை.

வியாழக்கிழமை ராத்திரி வண்டி, வெள்ளிக்கிழமை ஆபீஸ். லீவு அவ்வளவுதான். கிளம்பும் முன் ஃபாத்திமாவுக்கு ஓட்டுப் போட்டேன். பெரிய பரிசு எதற்கு என்று கல்லூரித் தோழனோடு போனிலேயே நூறு ரூபாய் பந்தயம். ஐந்து பேர் உட்கார்ந்து ஒத்துக்கொள்ளும் படம் யாருக்கும் கோபம் வராத, அழகான நிலக்காட்சி உள்ள படமாகத்தான் இருக்கும், அதுவும் தலைவர் ஒளிப்பதிவாளர் என்று நான் வாதாடினேன். "ஏலே, நீ சொன்னது என்னைக்கு நடந்திருக்கு?" என்றான் அவன்.

20-ஆம் தேதி சாயங்காலம் நிசாகந்தி அரங்கில் விருது விழா. நான் ஆபீசில் மேசைக்கு அடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்ண சகோரம் 'மாலு'வுக்கு! சமையலறைச் சண்டைக்கு 20 லட்சம். பார்வையாளர் விருது ஃபாத்திமாவுக்கு. அதோடு விடவில்லை, ஜூரி, விமர்சகர் என்று அந்த மெத்தைக்கு மொத்தம் ஐந்து விருதுகள். ஜூரியைப் பற்றி நான் சொன்ன தத்துவம் அத்தனையும் தண்ணீரில் போனது. பந்தயத்தில் தோற்றாலும் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பக்கத்து மேசை அண்ணன், "என்ன, லாட்டரி அடிச்சிட்டா?" என்று கேட்டார்.

செலவுக் கணக்கு தருவதாகச் சொன்னேன் இல்லையா? பாஸ் 1,180, லாட்ஜ் 3,750, ஆட்டோ 120 (மறக்க மாட்டேன்), பந்தயம் 100. சாப்பாடும் பஸ்ஸும் எழுதி வைத்த சீட்டு மழையில் ஊறிப்போய்விட்டது. லாட்ஜ் அட்வான்ஸ் 200 ரூபாய், சில்லறை இல்லை, அனுப்பிவிடுகிறேன் என்றார். நேற்றும் போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.