தறிக்காரரின் கழுத்து

திருபுவனத்தில் சித்தப்பா இன்று தறியை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து முகவாயை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

“யாரை முறைக்கிறீர்கள்?” என்றார் சித்தி.

தலை ஆடவில்லை, சுழலவில்லை. முகவாய் மட்டும் ஒரு விரற்கடை பின்னே போகிறது, 10 விநாடி நிற்கிறது, திரும்புகிறது. அப்படி 10 முறை.

பார்த்தால் பயிற்சி என்றே தோன்றாது! ஆனால் கழுத்து முள்ளெலும்புகளின் முன்புறம் ஒட்டியிருக்கும் ஆழ்தசைகளுக்கு இதுதான் வேலை. நாள்பட்ட கழுத்து வலியில் அவை சோர்ந்துபோக, மேல்தசைகள் சுமையை ஏற்று இறுகிவிடுகின்றன. தலை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனியச் சுமை கூடும்.

வலிக்குத் தைலம் தேய்ப்பது சுகம்தான், மறுக்கவில்லை. பலம் தருவது பயிற்சி. (கை மரத்துப்போனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.)

திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்கிறவர்களின் கழுத்தைப் பார்க்கவும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தறிக்கூடங்களுக்கு வந்துபோகலாம்.