காலையில் மூங்கில் தெப்பம், மதியம் அருவி

ஜமைக்காவில் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிட்டோம். காலையில் மார்த்தா பிரே ஆறு. ராஃப்டிங் என்றதும் ஹெல்மெட், பாறை, அலறல் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். அங்கே இருந்தது சுமார் 30 அடி நீள மூங்கில் தெப்பம். இரண்டு பேர் உட்கார ஓர் இருக்கை, முன்னால் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ளும் தெப்பக்காரர். அவ்வளவுதான். ஏறக்குறைய 3 மைல், ஆறு போகிற வேகத்தில் நாங்களும் போனோம். பாதி வழியில் என் கணவர் தூங்கியே போனார்.

அப்புறம் ஓச்சோ ரியோஸ் பக்கம் டன்ஸ் ரிவர் அருவி. இதில் குளிப்பதைவிட ஏறுவதுதான் விசேஷம். அருவி நேராகக் கடலில் விழுகிறது. கடற்கரையில் தொடங்கி, கொட்டும் தண்ணீருக்கு எதிராக மேலே ஏற வேண்டும். உயரம் சுமார் 180 அடி. ஆனால் படிப்படியாக 600 அடிக்குச் சரிந்து கிடப்பதால் நம்மைப் போன்றவர்களுக்கும் முடிகிறது. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு படிந்து படிந்தே உருவான பாறை அது. இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறதாம்!

முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்துச் சங்கிலியாக ஏறுவார்கள். நல்ல ஏற்பாடுதான், யாரும் வழுக்காதவரை. எனக்கு முன்னால் போன அம்மா தொப்பென்று உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன், எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

போகிறவர்கள் பிடிமானமுள்ள தண்ணீர்க் காலணி போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணச் செருப்போடு வந்த என் கணவரின் இடது செருப்பு இந்நேரம் கரீபியன் கடலில் மிதந்துகொண்டிருக்கும்.