பூங்காவுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாமா?

சிங்கப்பூரில் பூங்கா என்றால் நம்மில் பலருக்கு மெதுவோட்டமும் பார்பிகியூவும்தான். மற்றதெல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் வேலை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நமக்கும் அங்கே வேலை இருக்கிறது.

மரம் நடுவதுதான் முதலில் தோன்றும், 2020இல் தொடங்கிய ஒரு மில்லியன் மரங்கள் இயக்கத்தில் குடும்பமாகப் போய் நடலாம், படம் எடுத்து இங்கே போடவும் வசதி, சரி. எனக்கு அதைவிடப் பிடித்தது உயிரினக் கணக்கெடுப்பு. பறவை, பட்டாம்பூச்சி, தும்பி என்று தனித்தனியாக நடக்கிறது. பெரிய அறிவெல்லாம் வேண்டாம், கழகத்தினரே பயிற்சி தருகிறார்கள், பிறகு ஒரு பூங்காவில் பொறுமையாக நின்று கண்ணில் பட்டதைக் குறித்துக் கொடுக்க வேண்டும், அப்படி ஆண்டுக்காண்டு சேரும் குறிப்புகளிலிருந்துதான் எது எங்கே குறைகிறது என்பது பிடிபடுகிறது.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் வழிகாட்டியாகவும் சேரலாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலம். தமிழில் விளக்க ஆள் இருந்தால் நம் தாத்தா பாட்டிகளும் ஆர்வமாக வருவார்கள் என்பது என் ஆசை.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் இருக்கிறது, புளோக்குக்குக் கீழேயே கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்க்கலாம். நேரமே இல்லையா, கழகத்தின் கார்டன் சிட்டி ஃபண்ட் அறநிதிக்கு நன்கொடை கொடுங்கள்.

அப்புறம், புண்ணியம் என்று நினைத்துக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்!

அடுத்த பறவைக் கணக்கெடுப்புக்கு யார் வருகிறீர்கள்? சொன்னால் சேர்ந்தே பதிந்துகொள்ளலாம்.