ஜீப்புக்குப் புது பேட்டரி

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகிவிட்டு ‘டிக் டிக்’ என்று நின்றுவிட்டது. இரவு முழுக்கச் சும்மா நின்ற வண்டி. மல்டிமீட்டரில் 12.0 வோல்ட்; முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்றினேன், மறுநாளே இறங்கிவிட்டது. சரி, மாற்றியே ஆகவேண்டும்.

பலர் எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதைச் சொல்லும் ஆம்பியர்-அவரை மட்டும்தான் பார்க்கிறார்கள். டீசல் எஞ்சினைச் சுழற்ற முதலில் வேண்டியது சிசிஏ, அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யும் திறன். மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 விநாடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்ற கணக்கு அது. வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறையாமல் எடுத்தேன்.

என் வண்டி கல்லும் குழியுமான பாதையில்தான் பாதி நாள் ஓடுகிறது. அந்த அதிர்வில் சாதாரண பேட்டரியின் தகடுகளிலிருந்து ஈயப்பசை உதிர்ந்து அடியில் தங்கிவிடும். ஏஜிஎம் என்ற வகை பேட்டரியில் கண்ணாடி இழைப் பாய் தகடுகளை இறுக்கிப் பிடித்திருக்கும். அமிலமும் அதிலேயே ஊறியிருக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்கினேன்.

அப்புறம், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று கட்டாயம் பாருங்கள். மாறிவிட்டால் கேபிள் எட்டாது. பிடிமானப் பட்டையின் போல்ட் துருவேறி இருந்தது, அதையும் மாற்றினேன். மைனஸைக் கடைசியாக மாட்டிச் சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.