ஏர் ரைஃபிள் குண்டுகளைத் தரம் பிரித்துப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுவோரில் ஒரு சாரார், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் எடுத்துவைத்து, தீப்பொறி தரும் புதிய ப்ரைமரும் வெடிமருந்தும் குண்டும் பொருத்தி மீண்டும் பயன்படுத்துகின்றனர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இராணுவத்திடம் தேங்கிக் கிடந்த மருந்தை மொத்தமாக வாங்கி, இப்படிச் செய்வோருக்குச் சில்லறையாக விற்றே தம் வணிகத்தைத் தொடங்கினார் புரூஸ் ஹாட்ஜ்டன். அத்தகைய உபரி மருந்தைப் பற்றி அங்குள்ளவர்கள் ஓர் எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர்: பெயர் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியில், வந்த மருந்து இன்னொரு லாட்டில் வந்ததைப் போல் எரியும் என்று நம்பக் கூடாது. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்; ஆகவே அந்த வேலைக்கு இங்கே இடமில்லை, எனக்கு அதில் விருப்பமும் இல்லை. ஆனால் லாட் பற்றிய அந்த எச்சரிக்கை, 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நாம் போடும் ஈயக் குண்டுக்கும் பொருந்துமா என்பதைச் சோதித்துப் பார்க்க விரும்பினேன். திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், மூன்று பக்கம் சுவர் எழுப்பிய நீளமான சாய்ப்பு ஒன்று இருப்பதால் காற்றின் தொல்லை இல்லை. எதிர்முனையில் சரிவான இரும்புத் தகட்டுப் பெட்டியும் அதன் பின்னால் கெட்டியான ரப்பர் பாயும் வைத்திருக்கிறேன்.

0.177 அங்குல ஏர் ரைஃபிள் குண்டு உடுக்கையைப் போல் நடுவில் ஒடுங்கியது. முன்பக்கத் தலை குழலின் உட்புறச் சுருள்வரிகளைத் தொட்டு வழிகாட்ட, உட்குழிவான பின்விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். போட்டிக்குரிய ரைஃபிள் குண்டுகள் பெரும்பாலும் 0.53 கிராம் அளவில் இருக்கும். தலையின் விட்டத்தை 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். பயிற்சிக்காக வாங்கும் மலிவான டப்பாவில் இந்த விவரம் எதுவும் இருப்பதில்லை.

முதலில் எடையிலிருந்து தொடங்கினேன். மில்லிகிராம் காட்டும் சிறு மின்தராசு வாங்கியும் எண்கள் ஓரிடத்தில் நிலைக்காமல் ஆடிக்கொண்டிருந்ததால், கோட்டாற்றில் நகை வேலை செய்யும் ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “மக்கா, ஃபேன் சுத்துனா தங்கமே நிக்காது, ஈயமா நிக்கப் போவுது?” என்று சிரித்துவிட்டு, தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நிறுக்கவும், ஒவ்வொரு முறையும் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டு ஒரு டப்பாக் குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுப்பது என்ன பாடு என்பதைக் கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மலிவான டப்பாவில் எடை 0.515 முதல் 0.548 கிராம் வரை பரவியிருந்தது. போட்டி டப்பாவிலோ 0.528-க்கும் 0.534-க்கும் இடையே அடங்கியது. பார்வைக்குப் பெரிய வேறுபாடுதான், ஆனால் இலக்கில் அது எவ்வளவாகத் தெரியும் என்பதைக் கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. என் ரைஃபிளில் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதாவது ஏழரை ஜூலுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றல். 10 மீட்டரைக் கடக்க 0.06 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பால் 18 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. இந்த இறக்கம் முழுவதையும் பார்வைக்குறியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது குண்டுக்குக் குண்டு மாறுபடும் இறக்கம் மட்டுமே. ஆற்றல் மாறாமல் இருக்குமானால் இறக்கம் எடைக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பதால், மலிவான டப்பாவின் கனமான குண்டுக்கும் இலேசான குண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய வேறுபாடுதான் வருகிறது. போட்டி டப்பாவில் அது 0.2 மில்லிமீட்டர். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு புள்ளியைப் பத்தாகப் பிரிக்கும் தசமப் புள்ளிக்கணக்கில் ஒரு படி 0.25 மில்லிமீட்டர். ஆக, போட்டிக் குண்டை எடை பார்த்துப் பிரிப்பதால் அதிகபட்சம் ஒரு தசமப் படிதான் மிஞ்சும். இதற்காகவா விசிறியை அணைத்துவிட்டு வியர்த்தோம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மேசை மேல் மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்கவைத்து, பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்ததும் கணக்கையே உறுதிப்படுத்தியது. துளைக்கூட்டத்தின் வெளிவிளிம்புகளுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்து, அதிலிருந்து குண்டின் விட்டமான 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள பரவல் கிடைக்கும். மலிவான குண்டுகளைப் பிரிக்காமல் சுட்டபோது பரவல் 6 மில்லிமீட்டரை ஒட்டியிருந்தது. எடைவாரியாகப் பிரித்த பின்பும் ஐந்தரைக்குக் கீழே இறங்கவில்லை. மேலும், பரவல் மேல்கீழாக மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் இருந்தது. பக்கவாட்டு விலகலுக்கு எடையைக் காரணம் காட்ட முடியாது.

ஆகவே தராசை மூடிவைத்துவிட்டு வடிவத்தைப் பார்க்கத் தொடங்கினேன். நகைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸில் பார்த்தபோது, மலிவான டப்பாவில் கணிசமான குண்டுகளின் பின்விளிம்பு நசுங்கியிருந்தது. பஞ்சோ நுரையோ இல்லாத தகரத்துக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தவை அவை. விளிம்பு ஒருபக்கமாக நசுங்கினால் குழலின் வாயை விட்டு வெளியேறும் நொடியில் காற்றும் ஒருபக்கமாகவே கசிந்து குண்டைத் தள்ளிவிடும். அவற்றை ஒதுக்கியபின், மிஞ்சியவற்றைச் சற்றே சாய்த்த கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன். தலைக்கும் பின்விளிம்புக்கும் விட்டம் வேறாக இருப்பதால் குண்டு நேராக உருளாமல் வளைந்து செல்லும். அந்த விகிதம் மாறினால் போய்ச் சேரும் இடமும் மாறும். அடியில் கோடு போட்ட தாளை ஒட்டிவைத்து, ஒரே கோட்டில் வந்து நிற்பவற்றை ஒரு கிண்ணத்தில் சேர்த்தேன். மைக்ரோமீட்டரால் மெல்லிய ஈயத்தை அழுத்திக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். இவ்வாறு தேர்ந்தவற்றின் பரவல் நாலு மில்லிமீட்டருக்குள் வந்தது.

இருந்தும் பெரிய மாற்றத்தைத் தந்தது லாட் எண்தான். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் போட்டிக் குண்டில் 4.49, 4.50 என இரு தலை அளவுகளையும், 4.50-இலேயே வெவ்வேறு லாட் எண் கொண்ட டப்பாக்களையும் வாங்கிச் சுட்டேன். 4.49 மூன்று மில்லிமீட்டர் காட்டியது. 4.50-இன் ஒரு லாட் இரண்டுக்கு இறங்கி, பத்துக் குண்டும் ஏறத்தாழ ஒரே துளையாகத் தெரிந்தன. அடையாளம் எல்லாம் ஒன்றாக இருந்த மற்றொரு லாட்டோ மூன்றரைக்குப் போனது. அச்சு தேய்ந்து மாறியதாலோ வேறு அச்சில் அழுத்தியதாலோ இது நேரலாம். காரணம் எதுவாயினும், எந்த லாட் பிடிக்கும் என்பதைக் குழல்தான் சொல்ல வேண்டும். அதைத் தராசிடம் கேட்பதில் பயனில்லை.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ரப்பர் பால் உறையவைக்கும் கொட்டகையில் வைத்த டப்பாவில் சில வாரங்களிலேயே குண்டுகள் மேல் வெள்ளைப் பூச்சு படிந்தது. அதே லாட் டப்பா படுக்கையறை அலமாரியில் பூச்சுப் படியாமல் இருந்தது. ரப்பர் ஷீட் அடிக்க, பாலை உறையவைப்பதற்காக நாம் ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி ஈயத்தை அரிக்கக்கூடியது, அதனுடன் மழைக்கால ஈரமும் சேர்ந்துகொள்கிறது. அந்த வெள்ளைப் பொடி நச்சுத்தன்மை உடையது என்பதால் அதை ஊதவோ வெறுங்கையால் துடைக்கவோ கூடாது. சாதாரண நாளிலும் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது. இப்போது டப்பாக்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக்கமான எவர்சில்வர் சம்புடத்தில் இருக்கின்றன. ரைஃபிளுக்கு 200 பார் அழுத்தம் வரை காற்றடிக்கும் கைப்பம்பின் ஈரவடிகட்டியையும் ஆனி, ஆடியில் வழக்கத்தைவிட விரைவாக மாற்ற வேண்டியிருக்கிறது.

நல்ல லாட்டில் கடைக்காரரிடம் இருந்த எல்லா டப்பாக்களையும் வாங்கிவிட்டேன். அவை போட்டிக்கு, தினசரிப் பயிற்சிக்கு உருட்டித் தேர்ந்த மலிவுக் குண்டுகளே போதும். புதிய லாட் வந்தால் ஒரு டப்பாவை மட்டும் முதலில் வாங்கி, அதே மணல் மூட்டையில் வைத்துச் சுட்டுப் பார்த்தபின்தான் மற்றதைக் கேட்பதாக ஏற்பாடு.